வக்கீல் வீட்டு மாடியில் ஒரு வண்டிப்பாதை

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கும் ஒரு பெண் வக்கீல் எனக்கு போன் செய்தாள். பெயர் வேண்டாம், நல்ல பிள்ளை. "அண்ணாச்சி, சாட்சிக்குப் பொய் சொல்லிக் குடுத்தா வக்கீலுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

சட்டப் புத்தகமே மாறிவிட்டது. பொய்ச்சாட்சிக்கான பழைய நூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் பிரிவு இப்போது இருநூற்று இருபத்தொன்பதாக உட்கார்ந்திருக்கிறது. எண் மாறிய குழப்பத்தில் பழைய ஆட்களுக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பயமும் போய்விட்டது. "என்ன தண்டனைன்னு கேட்டா புத்தகத்தைப் பாரும்மா. என்ன ஆகும்னு கேட்டா என்னைக் கேளு, நான் பக்கத்துல நின்னு பார்த்தவன்" என்றேன். பார்த்தவன் என்று சொன்னது பாதிதான் உண்மை. மீதியையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வக்கீல் குமாஸ்தா. ராஜபாளையத்தில் தெய்வசிகாமணி என்ற சீனியரிடம் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். வேலை கற்றுக்கொண்ட கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் வருஷம் கேஸ் கட்டுகளைத் தூக்கினேன். இரண்டாம் வருஷம் எந்தக் கட்டில் எந்தக் காகிதம் என்று பார்க்காமலே உருவினேன். மூன்றாம் வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் எந்த டைப்பிஸ்ட் எத்தனை மணிக்கு டீக்குப் போவார், ஆடிப்பூரத் தேருக்கு எத்தனை கேஸ் வாய்தா வாங்கும் என்பதெல்லாம் அத்துப்படியானது. அத்தோடு படிப்பு முடிந்தது.

சீனியர் ஆறடி உயரம். கோர்ட்டுக்குள் அவர் நுழைந்தால் கவுன் முதலில் வரும், அவர் செத்த நேரம் கழித்து வருவார். குரல் அப்படி ஒரு குரல். அவரிடம் இருந்த பெரிய கெட்ட பழக்கம், கட்சிக்காரர் பேசுவதை ஐந்து நிமிஷத்துக்கு மேல் கேட்க முடியாது. ஆறாவது நிமிஷம் கையை உயர்த்துவார். "போதும். இனி நான் சொல்றேன், நீங்க கேளுங்க" என்பார். கட்சிக்காரருக்கு என்ன நடந்தது என்பதை அதற்குப் பிறகு அவர்தான் கட்சிக்காரருக்குச் சொல்வார்.

பொய் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அவருடைய சொல் 'ஞாபகப்படுத்துதல்'. "ஏலே குருசாமி, ஞாயித்துக்கிழமை அந்தச் சாட்சியை வரச் சொல்லு, கொஞ்சம் ஞாபகப்படுத்தணும்" என்பார். ஆபீஸ் அவர் வீட்டு மாடியில். அதற்கும் மேலே மொட்டை மாடி. ஞாபகப்படுத்துதல் நடப்பது அங்கேதான். ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் சாட்சியை ஏற்றுவோம், அது கூண்டு. சீனியர் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொள்வார், அவர் ஜட்ஜ். நான்தான் எதிர்த்தரப்பு வக்கீல். எனக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும். வாரம் ஆறு நாள் எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவன், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஊரில் பெரிய மனிதரையெல்லாம் ஸ்டூலில் நிற்க வைத்து, "நீர் சொல்வது அத்தனையும் புளுகு என்று சொல்கிறேன்" என்று அதட்டலாம் அல்லவா.

சாட்சிக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கும் சட்டதிட்டங்கள் உண்டு. கையைக் கட்டக் கூடாது, பக்கவாட்டில் தொங்கவிட வேண்டும். முகவாய் நிமிர்ந்திருக்க வேண்டும். நம்ம வக்கீலைப் பார்க்கக் கூடாது, ஜட்ஜைப் பார்க்க வேண்டும். வருஷம் கேட்டால் 'சுமார்' போட வேண்டும். பதில் தெரியாத கேள்வி வந்தால் பதறாமல் குடிக்கத் தண்ணீர் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் சீனியர் எழுந்து ஏதாவது ஆட்சேபம் சொல்லி விஷயத்தைக் கோடி காட்டிவிடுவார்.

இந்தத் தண்ணீர்ச் சட்டம் ஒருமுறை எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. மில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் சாட்சி. பயந்த சுபாவம். பெயரைக் கேட்டதற்கே தண்ணீர் கேட்டார். அப்பா பெயருக்கு இன்னொரு டம்ளர். குறுக்கு விசாரணை பாதி தாண்டுவதற்குள் எட்டு டம்ளர் உள்ளே போய்விட்டது. ஒன்பதாவது கேள்விக்கு அவர் தண்ணீர் கேட்கவில்லை, ஜட்ஜைப் பார்த்து ஒற்றை விரலைக் காட்டினார். அவர் திரும்பி வருவதற்குள் மதிய இடைவேளை விட்டுவிட்டார்கள். அன்றைக்கு சீனியர் பஸ்ஸில் வரும்போது, "இனிமே ரெண்டு டம்ளருக்கு மேல கிடையாதுன்னு சேர்த்துச் சொல்லணும்லே" என்றார். சட்டம் திருத்தப்பட்டது. எங்கள் இருவருக்கும் அதில் வேறு தவறு எதுவும் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் வெள்ளையம்மா வந்தாள்.

கூமாப்பட்டிப் பக்கம் அவளுக்கு ஒரு சின்ன மாந்தோப்பு. புருஷன் இறந்த பிறகு அவளே காய் பறித்து, கூடையில் சுமந்து, வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து விற்பாள். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோப்புக்குப் போகிற வழியைப் பக்கத்துத் தோப்புக்காரர் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். காய் மரத்திலேயே பழுத்து விழுகிறது, அள்ளிவர வழியில்லை. அதுதான் கேஸ்.

"ஐயா, நான் ஓடைக்கரை மேலதான் போவேன் வருவேன். அந்தக் கரையை மறிச்சு..." என்று ஆரம்பித்தாள். ஆறாவது நிமிஷம்கூட ஆகவில்லை, சீனியரின் கை உயர்ந்துவிட்டது.

"ஓடைக்கரையெல்லாம் நிக்காது தாயி. அது உன் இடமும் இல்லை, அவன் இடமும் இல்லை. அவன் தோப்புக்குக் கிழக்க ஒரு வண்டிப்பாதை இருக்குல்ல?"

"இருக்கு. அது அவிய டிராக்டர் போற பாதை."

"அதுலதான் நீ முப்பது வருஷமாப் போயிட்டிருக்கே."

வெள்ளையம்மா என்னைப் பார்த்தாள். "இல்லய்யா, நான் அந்தப் பக்கம் காலே வச்சதில்லையே" என்றாள்.

"ஞாபகப்படுத்திக்கோ" என்றார் சீனியர்.

வழக்கு போட்டோம். பிரமாண வாக்குமூலத்தில் கிழக்கு வண்டிப்பாதை முப்பது வருஷப் பழக்கமாக ஏறிவிட்டது. அடியில் வெள்ளையம்மா விரல் நோகக் கையெழுத்துப் போட்டாள். குறுக்கு விசாரணை பாக்கி. அதற்கு அவள் தயாராக வேண்டும். காலே வைக்காத பாதையை முப்பது வருஷம் நடந்த பாதையாக ஆக்க வேண்டும்.

அந்த யோசனை என்னுடையது. இதை மறைத்துப் புண்ணியமில்லை. நான்தான், இடத்தைப் பார்க்கக் கோர்ட் அனுப்பிய கமிஷனர் போட்ட வரைபடத்தை மொட்டை மாடியில் சாக்பீஸால் பெரிதாக வரைந்தேன். வக்கீலம்மா, அதாவது சீனியர் மனைவி, மாடியில் பூச்செடி வைத்திருந்தார்கள். அந்தத் தொட்டிகளை நகர்த்தி மரங்களாக வைத்தேன். செம்பருத்தித் தொட்டி முதல் மாமரம். இரண்டாவது மாமரம் நந்தியாவட்டை. ரோஜாத் தொட்டி புளியமரம், அங்கேதான் இடது பக்கம் திரும்ப வேண்டும். தண்ணீர்த் தொட்டி, பக்கத்துத் தோப்புக்காரர் கிணறு. வெள்ளையம்மா மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து அந்த மாடியில் நடந்தாள். தலையில் கூடை இருந்தால்தான் நடை இயல்பாக வரும் என்று சீனியர் சொன்னதால் வக்கீலம்மாவின் அழுக்குத்துணிக் கூடையைத் தலையில் ஏற்றினோம்.

"மாமரம், மாமரம், புளியமரம், இடது கை" என்று நான் சொல்லச் சொல்ல அவள் நடப்பாள். குறுக்கே துணி காயப்போடுகிற கொடி இருந்தது. ஒவ்வொரு தடவையும் கூடை அதில் இடித்தது. "செத்த குனிஞ்சு போ தாயி" என்று நானே சொன்னேன். மூன்றாவது வாரம் நான் சொல்லாமலே குனிந்தாள். வக்கீலம்மா மட்டும் படியில் நின்று பார்த்துவிட்டு, "என் ரோசாச் செடியை வெயில்ல இருந்து எதுக்குய்யா நகத்துனீக? மொட்டெல்லாம் உதிருது" என்று சண்டை போட்டார்கள். எதிர்ப்புத் தெரிவித்த ஒரே ஆள் அவர்கள்தான், அதுவும் ரோஜாவுக்காக.

விசாரணை நாள். ஜட்ஜ் ஒரு அம்மா, வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். அதிகம் பேச மாட்டார்கள். சாட்சி சொல்வதை அப்படியே டைப்பிஸ்டுக்குச் சொல்லி அடிக்கச் சொல்வார்கள், திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்து ஒவ்வொரு வரியும் பார்ப்பார்கள். வெள்ளையம்மா கூண்டில் ஏறினாள். கை பக்கவாட்டில் தொங்குகிறது, முகவாய் நிமிர்ந்திருக்கிறது, பார்வை ஜட்ஜ் மேல். எனக்குப் பெருமையாக இருந்தது. முதல் அரை மணி நேரம் எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்டாலும் சுமார் போட்டுப் பதில் சொன்னாள். தண்ணீர் ஒரே ஒரு டம்ளர்தான்.

பிறகு அவர் சாதாரணமாக, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் கேட்டார். "முப்பது வருஷமா நடந்த பாதை. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம். தார்ரோட்டுல இருந்து எப்படிப் போவே?"

வெள்ளையம்மா நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டாள். அங்கேதான் காரியம் கெட்டது.

"மொதல்ல செம்பருத்தி. அதைத் தாண்டி நந்தியாவட்டை. பொறவு ரோசாத் தொட்டி வரும், அதுல இடது கைப் பக்கம் திரும்பி, துணி காயுத கொடிக்குக் கீழ செத்த குனிஞ்சு போகணும். குனியாட்டா கூடை இடிக்கும்."

முப்பது வருஷத் தொழிலில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அப்படி ஒரு பதில் வந்திருக்காது. ஜட்ஜம்மாதான் பேசினார்கள்.

"மாந்தோப்புக்குள்ள யாரும்மா துணி காயப்போட்டிருக்காங்க?"

"வக்கீலம்மா" என்றாள் வெள்ளையம்மா.

ஜட்ஜம்மா டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, "ஒரு சொல் விடாம அடிங்க" என்றார்கள். கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டது. சீனியர் எழுந்து, "சாட்சி குழம்பிப் போயிருக்காங்க யுவர் ஆனர்" என்றார். அந்தப் பெரிய குரலை நான் அவ்வளவு சின்னதாகக் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு ஜட்ஜம்மா கேட்கக் கேட்க வெள்ளையம்மா மொட்டை மாடி, சாக்பீஸ், அழுக்குத்துணிக் கூடை அத்தனையும் சொல்லிவிட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றுதானே நாங்களும் சொல்லிக்கொடுத்திருந்தோம். "சத்தியம் பண்ணிட்டு வேணும்னே பொய் சொன்னா ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு, தெரியுமா?" என்று ஜட்ஜம்மா கேட்டார்கள். வெள்ளையம்மா யோசித்தாள். "ஏழு வருஷமா? நடுவுல மாங்கா சீசனுக்கு மட்டும் வந்துட்டுப் போகலாமாம்மா?" என்றாள். கோர்ட்டில் பலர் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், ஆனால் அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு வேறு வருமானம் கிடையாது.

பொய்ச்சாட்சி வழக்கு போடலாமா என்று முடிவெடுக்க ஒரு முன்விசாரணை வைத்தார்கள். சீனியர் எழுத்து மூலமாக விளக்கம் கொடுத்தார். கட்சிக்காரர் சொன்னதைத்தான் எழுதினேன், மாடியில் நடந்ததாகச் சொல்வது கற்பனை என்று நாலு வரி. அவர் தப்பித்தால் வெள்ளையம்மா தனியாக மாட்டுவாள். அவர் மாட்டினால் கவுன் போகும். வக்கீலம்மாவை விட்டால் இடையில் ஒரே சாட்சி நான். எனக்குச் சம்மன் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை மொட்டை மாடிக்கு வரச் சொன்னார். ஸ்டூல் போட்டிருந்தது. "ஏறு" என்றார்.

இருபத்திரண்டு வருஷமாகச் சாட்சிகளை ஏற்றிவிட்ட ஸ்டூல் அப்படி ஆடும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு கால் குட்டை. யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

"வெள்ளையம்மா இங்க எதுக்கு வந்தா?" என்று எதிர்த்தரப்பு வக்கீலாகக் கேட்டார்.

"தெரியலையேய்யா."

"ஏலே, தெரியலைன்னா மாட்டுவே. வத்தல் காயப்போட வந்தா. எங்க வீட்டுக்கு வத்தல் போட்டுக் குடுக்க வந்தவ, அப்பப் பார்த்த தொட்டியை மனசுல வச்சுக்கிட்டுக் கூண்டுல உளறிட்டா. எங்க, சொல்லு."

"வத்தல் காயப்போட வந்தாக."

படியிலிருந்து வக்கீலம்மா குரல் கேட்டது. "நாம எந்தக் காலத்துல வீட்டுல வத்தல் போட்டோம்? கடைலதான வாங்குறோம்!"

"நீ கீழ போ" என்று கத்தினார் சீனியர். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "குருசாமி, எனக்கு வேற எந்தத் தொழிலும் தெரியாதுலே" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. என் மனைவி பிரசவத்தில் சிக்கலாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கோர்ட்டிலிருந்து கவுனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, டாக்டரை உட்காரவிடாமல் பேசியே வேலை வாங்கினவர். என் மகளுக்குப் பெயர் வைத்ததே அவர்தான். சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். வத்தல்தானே, ஒரு சொல். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் போகும்போது உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நான் ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று காலை மடக்கிக்கொண்டார்.

டவாலி மூன்று தடவை என் பெயரைக் கூப்பிட்டார். தினமும் என்னோடு டீ குடிக்கிறவர், யாரையோ கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். ஏறினேன். சத்தியப் பிரமாணத்தை ஆயிரம் தடவை காதால் கேட்டிருக்கிறேன், வாயால் சொல்லும்போது நடுவில் மறந்துபோய் அவர் எடுத்துக்கொடுத்தார். பெயர் சொன்னேன். அப்பா பெயர் சொன்னேன். அதுவரைக்கும் நான் வத்தல்தான்.

"வெள்ளையம்மா அந்த மாடிக்கு எதுக்கு வந்தாங்க?" ஜட்ஜம்மாவே கேட்டார்கள்.

வாயைத் திறந்தபோது வாசல் பக்கம் வெள்ளையம்மா நிற்பதைப் பார்த்தேன். யாரும் அவளைக் கூண்டில் ஏறச் சொல்லவில்லை, ஆனாலும் கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, முகவாயை நிமிர்த்தி, ஜட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி. இனி அப்படி நிற்க வேண்டியதில்லை என்று அவளிடம் சொல்ல ஆளில்லை. ஜெயிலுக்கே போகச் சொன்னாலும் என் பேச்சைக் கேட்டு அப்படியே நிமிர்ந்து போவாள் என்று தோன்றியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாதையைப் பழக வந்தாகம்மா" என்றேன். "பழக்குனது நான். சாக்பீஸும் நான்தான். சொல்லச் சொன்னது சீனியர். அந்த அம்மாவுக்கு ஓடைக்கரையைத் தவிர ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டேன். சீனியர் தன் மேஜையிலிருந்த பாட்டிலை எடுத்து டவாலி கையில் கொடுத்தார். அதைக் குடித்ததுதான் அன்றைக்கு எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

வண்டிப்பாதைக் கேஸ் தள்ளுபடியானது. வெள்ளையம்மா மேல் பொய்ச்சாட்சி வழக்கு வேண்டாம் என்று ஜட்ஜம்மா எழுதினார்கள். சொல்லிக்கொடுத்ததை நம்பிச் சொன்னவள், கேட்டதும் மறைக்காமல் உண்மையைச் சொன்னவள் என்று காரணம் காட்டியிருந்தார்கள். சீனியரைப் பற்றி பார் கவுன்சிலுக்கு எழுதினார்கள். என்னையும் விடவில்லை. "பழக்கினேன்னு பெருமையாச் சொல்றீங்களே, நீங்களும் கூட்டுதான்" என்று திட்டி, ஆறு மாதம் நான் கோர்ட்டுக்குள் கட்டு தூக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். சரியான உத்தரவுதான்.

இதில் சீனியரைவிட என் பாடு பெரும்பாடாகிவிட்டது. கோர்ட் வளாகத்தில் நான் டீக்கடைப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். "அண்ணாச்சி வாராரு, உண்மையை எல்லாம் எடுத்து ஒளிச்சு வைங்கப்பா" என்று ஒரு வக்கீல் சத்தமாகவே சொன்னார். வேறு இடத்தில் வேலை கேட்டேன். மூன்று பேர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பத்து நாள் வீட்டில் இருந்தேன். பதினோராம் நாள் சீனியர் போன் செய்தார். "ஏலே, ஆபீஸ் சாவி எங்க வச்சே?" என்றார். சாவி எப்போதும் இருக்கிற ஆணியில்தான் இருந்தது, அவருக்கும் தெரியும். போனேன். "உன்னை வெளியே விட்டா இன்னும் எத்தனை பேரு கவுன் போகுமோ. இங்கேயே கெட" என்றார். அவ்வளவுதான் சமாதானம்.

பார் கவுன்சில் விசாரணைக்கு இருவரும் சென்னைக்குப் போனோம். ரயில் டிக்கெட் போடுவது எப்போதும் என் வேலை, இப்போதும் நான்தான் போட்டேன். ஒரு கீழ் பெர்த்தும் ஒரு மேல் பெர்த்தும் கிடைத்தது. எனக்கு அப்போதே முழங்கால் வலி. மேல் பெர்த்தில் ஏற முடியாமல் நான் தொங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எறங்கு. எனக்கு எதிராச் சாட்சி சொல்ல வாரவனுக்கு நானே கீழ் பெர்த்தை விட்டுக்குடுக்க வேண்டியிருக்கு. எந்த ஊர் நியாயம்லே இது" என்று முனகிக்கொண்டே மேலே ஏறினார்.

வண்டி மதுரையைத் தாண்டும்போது மேலேயிருந்து கேட்டார். "அன்னைக்கு வீட்டுல இருந்து கிளம்பும்போதே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தியா?"

"இல்லய்யா. சத்தியமா நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் சொல்ல வந்தேன்."

"அப்போ கோளாறு என் டிரெயினிங்லதான்" என்றார். பிறகு மேல் பெர்த் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து எழுந்து பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

விசாரணையில் அவர் எதையும் மறுக்கவில்லை. குமாஸ்தா சொன்னது சரி என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் தொழில் செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. கவுனை வக்கீலம்மா மடித்து பீரோவில் வைத்தார்கள். அவர் கலர்ச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருப்பார். கட்சிக்காரர் யாரும் இல்லாததால், பழைய கட்டுகளை எடுத்து முதலிலிருந்து படித்தார். அப்படித்தான் ஒருநாள் வெள்ளையம்மா கட்டும் வந்தது.

"ஏலே குருசாமி, அந்த ஓடைக்கரை சர்வே நம்பர் புறம்போக்குல்ல?"

"ஆமாய்யா."

"அரசாங்கப் புறம்போக்குல வேலி போட அவனுக்கு ஏதுலே அதிகாரம்? தாசில்தாருக்கு ஒரு மனு குடுத்தாப் போதுமே!"

மனு கொடுக்க வக்கீல் வேண்டியதில்லை. வெள்ளையம்மாவை வரவழைத்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், சீனியர் வாயைத் திறக்கவில்லை. ஒன்றே கால் பக்கம்தான் வந்தது. சர்வேயர் வந்து அளந்தார், கிராம நிர்வாக அலுவலர் முன்னால் நின்று வேலியைப் பிடுங்கினார்கள். அந்த சீசனில் அவள் ஓடைக்கரை மேலேயே காய் சுமந்து வந்தாள். எங்களுக்கும் ஒரு கூடை கொண்டுவந்து இறக்கினாள்.

"இம்புட்டு லேசா முடியுற காரியமா இது" என்றார் சீனியர்.

"மொத நாளே அதைத்தானய்யா சொல்ல வந்தேன்" என்றாள் வெள்ளையம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அவர் மாம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் கடிக்காமல் இருந்தார்.

இரண்டு வருஷம் முடிந்து கவுன் பீரோவிலிருந்து வெளியே வந்தது. அந்துருண்டை வாசனையோடு ஆபீஸில் உட்கார்ந்தார். ஒருவாரம் கழித்து முதல் கட்சிக்காரர் படியேறி வந்தார். வத்திராயிருப்புக்காரர், அண்ணன் தம்பி தோப்புத் தகராறு. ஐந்து நிமிஷம் பேசினார். நான் சீனியரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயரவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அவர் பேசி முடித்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்லி முடித்தார். சீனியர் எல்லாவற்றையும் கேட்டார்.

கடைசியில் வந்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "இப்பச் சொல்லுங்கய்யா, கோர்ட்டுல நான் என்ன சொல்லணும்?" என்றார்.

சீனியர் என்னைப் பார்க்கவில்லை. பேனா மூடியைத் திறந்தார், மூடினார். அவருக்கு அந்தக் கேஸ் தேவைப்பட்டது, எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக ஒரு கேஸும் இல்லை.

"நடந்ததைச் சொல்லுங்க" என்றார்.

வந்தவர் குழம்பிப்போனார். "அது எனக்கே தெரியுமேய்யா. அதுக்கு எதுக்கு வக்கீலு?" என்று கேட்டுவிட்டு, காகிதங்களை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். "கூப்பிடவாய்யா?" என்றேன். "வேண்டாம்லே. ரெண்டு டீ சொல்லு" என்றார். எத்தனையோ கேஸ் அவர் ஜெயித்து நான் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு அவர்மேல் வந்த மரியாதை எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

போனில் இவ்வளவையும் கேட்ட அந்தப் பெண் வக்கீல், "அப்புறம் அந்தக் கட்சிக்காரர் என்ன ஆனாரு அண்ணாச்சி?" என்று ஆசையாகக் கேட்டாள். நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம், நானும் யோசித்துப் பார்த்தேன். அந்த ஆள் நேராகப் பக்கத்துத் தெரு வக்கீலிடம் போனார். இரண்டே வருஷத்தில் கேஸை ஜெயித்துவிட்டார்.